ஆரஞ்சு: ஒரு சொல்லின் வேரை ஐரோப்பா முழுக்கத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரஞ்சுப் பழத்துக்கு ஸ்பெயினில் நராங்ஹா என்று பெயர். ரஷ்யாவில் அபெல்சின். கிரேக்கத்தில் பொர்த்தொகாலி. பழம் ஒன்றுதான், ஆனால் மூன்று பெயரும் ஒன்றையொன்று துளியும் ஒட்டவில்லை. ஐரோப்பாவின் முப்பது நாற்பது மொழிகளிலும் பெயரைத் திரட்டிப் பார்த்தால் எல்லாம் நாலைந்து கூட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எந்த மொழி எந்தக் கூட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால், அந்த ஊருக்குப் பழம் எந்த வழியாக, யார் கையால் வந்தது என்பது தெரிந்துவிடும்.

சொல்லின் வேர் தேடப் பழகுபவர்களுக்கு இது நல்ல சொல். பழைய பதிவுகள் கிடைக்கின்றன, ஒலி மாற்றங்கள் தெளிவாக இருக்கின்றன, ஏமாற வைக்கும் போலிகளும் போதுமான அளவு உண்டு. போதாக்குறைக்கு நூலின் ஒரு நுனி நம் பக்கம் வந்து முடிகிறது. தமிழில் வரும் பெரும்பாலான ‘சொல்லாராய்ச்சி’ப் பதிவுகள் தடுக்கி விழும் இடமும் அதுதான். கீழே சொல்லும் முறையை வேறு எந்தச் சொல்லுக்கும் பயன்படுத்தலாம். முதல் தடவை இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் பிடிக்கும்.

தொடங்கும் முன் ஒரு எக்செல் தாளில் ஐந்து பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: மொழி, இன்றைய வடிவம், கிடைத்த மிகப் பழைய வடிவம் (ஆண்டோடு), அது குறிக்கும் பொருள், எந்த மொழியிலிருந்து வந்தது. சொற்களை ரோமன் எழுத்தில் பதியுங்கள். தமிழ் எழுத்தில் பதிந்தால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் நம் ‘ப’ இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. போர்ச்சுகல் என்ற பெயர் அரபிக்குப் போனபோது, அங்கே வல்லொலிப் ‘ப’ இல்லாததால் ‘பந்து’வின் ப ‘அன்பு’வின் ப போல மெலிந்து ‘புர்துகால்’ ஆனது. இது முக்கியமான தடயம். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் அதே ‘ப’ விழுந்து தடயம் காணாமல் போய்விடும்.

படி 1: முதலில் பொருள், பிறகு சொல்

எந்தப் பழத்தைத் தேடுகிறோம்? ஐரோப்பாவுக்கு ஆரஞ்சு இரண்டு தடவை வந்தது. முதலில் வந்தது கசப்பு ஆரஞ்சு, தாவரவியலில் சிட்ரஸ் ஆரான்ஷியம். அதை அரபியர் கொண்டுவந்தார்கள். 10, 11ஆம் நூற்றாண்டு வாக்கில் சிசிலியிலும் தென் ஸ்பெயினிலும் வேர்பிடித்தது. கையில் உரித்துத் தின்ன ஏற்றதல்ல. மணத்துக்கும், மருந்துக்கும், மீன் மேல் பிழியவும் ஆனது. இன்றும் ஆங்கிலேயர் மார்மலேட் காய்ச்சுவது இந்தக் கசப்புப் பழத்தில்தான், செவில் ஆரஞ்சு என்பார்கள்.

இனிப்பு ஆரஞ்சு வந்தது 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16ஆம் நூற்றாண்டிலும். சிட்ரஸ் சைனென்சிஸ் என்ற அதன் பெயரிலேயே சீனா இருக்கிறது. இதைப் பரப்பிய பெருமை போர்ச்சுகீசியர் பெயரில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பழம், இரண்டு அலை, நடுவே ஐந்நூறு ஆண்டு இடைவெளி. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால், அடுத்து வரும் பட்டியல் வெறும் குழப்பமாகத்தான் தெரியும்.

படி 2: திரட்டுங்கள், கூட்டம் பிரியுங்கள்

விக்சனரியில் ஆங்கிலச் சொல்லின் கீழே இருக்கும் மொழிபெயர்ப்புப் பட்டியல் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் அங்கே வேர் பற்றி எழுதியிருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். ஒவ்வொரு மொழிக்கும் சொந்த வரலாற்று அகராதி இணையத்தில் இருக்கிறது. ஜெர்மனுக்கு டிடபிள்யூடிஎஸ் (DWDS), பிரெஞ்சுக்கு த்ரேசோர் இணையப் பதிப்பு, ஸ்பானியத்துக்கு ராயல் அகாடமி அகராதி. மூன்றும் இலவசம்.

திரட்டி முடித்ததும் தாள் ஏறக்குறைய இப்படிப் பிரியும்.

நாரஞ்ச் கூட்டம்: ஸ்பானிய நராங்ஹா, போர்ச்சுகீசிய லராஞ்ஜா, இத்தாலிய அராஞ்ச்சா, பிரெஞ்சு ஒராஞ்ஜ், ஆங்கில ஆரஞ்சு, ஹங்கேரிய நரான்ச், குரோஷிய நரான்ச்சா. போலந்தின் பொமராஞ்ச்சாவும் செக்கின் பொமெரான்ச்சும் வேறு மாதிரி தெரிந்தாலும் இதே கூட்டம்தான். முன்னால் இருக்கும் ‘பொம்’ லத்தீனில் பழம் என்று பொருள்படும் போமும். ‘அராஞ்ச்சாப் பழம்’ என்று இத்தாலியில் சொன்னது ஒரே சொல்லாக ஒட்டி வடக்கே போயிருக்கிறது.

சீன ஆப்பிள் கூட்டம்: டச்சு சினாஸ்ஆப்பல், ஜெர்மன் அப்ஃபெல்சீனெ, சுவீடன் அபெல்சீன், ஃபின்லாந்தின் அப்பெல்சீனி, லாட்விய, லித்துவேனிய வடிவங்கள், ரஷ்ய அபெல்சின். ஆப்பிள், சீனா என்ற இரண்டு சொல்லை எந்த வரிசையில் ஒட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

போர்ச்சுகல் கூட்டம்: கிரேக்க பொர்த்தொகாலி, துருக்கிய போர்த்தகால், ருமேனிய, பல்கேரிய, அல்பேனிய வடிவங்கள். தென் இத்தாலியின் பேச்சு வழக்குகளிலும் இது உண்டு.

இப்போது ஒரு ஐரோப்பிய வரைபடத்தை அச்செடுத்து மூன்று வண்ணம் தீட்டுங்கள். பட்டியலில் கண்ணுக்குப் படாதது படத்தில் பளிச்சென்று தெரியும். சீன ஆப்பிள், டச்சு, வட ஜெர்மன் துறைமுகங்களில் தொடங்கிப் பால்டிக் கடலைச் சுற்றி ரஷ்யா வரை போகிறது. போர்ச்சுகல், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொள்கிறது. அரபியருக்கு நெருங்கிய மேற்கிலும், ஹங்கேரி, போலந்து போன்ற நடுப்பகுதியிலும் நாரஞ்ச் அசையாமல் நிற்கிறது. மொழிக் குடும்பம் இங்கே பொருட்டே இல்லை. ஃபின்னியமும் ரஷ்யனும் சுவீடனும் மூன்று வேறு கிளைகள், ஆனால் ஒரே கடல், ஒரே வியாபாரம். பத்து நாட்டுக்காரர்கள் ஆரஞ்சைப் பார்த்துப் போர்ச்சுகல் என்கிறார்கள், போர்ச்சுகலில் இருப்பவர்கள் மட்டும் இன்னும் பழைய அரபிப் பெயரிலேயே லராஞ்ஜா என்கிறார்கள் என்ற வேடிக்கையும் படத்தில்தான் கண்ணில் படும்.

மீதம் நிற்பது ஸ்பெயினின் வடகிழக்கில் பேசும் காட்டலான் மொழியின் தரோஞ்ஜா. அதை எந்தக் கூட்டத்திலும் திணிக்காமல் தனியே வையுங்கள்.

படி 3: இன்றைய ஒலியை ஒப்பிடாதீர்கள்

தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. ‘ஒன்று’ என்பதும் ஆங்கில ‘ஒன்’ என்பதும் ஒன்றே என்று சுற்றும் பதிவைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தை எடுத்தால் அது ‘ஆன்’. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு ‘ஐன்’. முன்னால் வரும் ‘வ்’ ஒலி பின்னால் சேர்ந்தது. ‘அலோன்’, ‘ஒன்லி’ என்ற சொற்களுக்குள் அதே எண் பழைய உச்சரிப்போடு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய ஒற்றுமை வெறும் தற்செயல்.

நம் சொல்லிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஸ்பானிய நராங்ஹாவில் இருக்கும் ‘ஹ’ ஒலிக்கும் அரபி நாரஞ்சின் ‘ஜ’வுக்கும் என்ன உறவு என்று குழம்புவீர்கள். இடைக்கால ஸ்பானியத்தில் அந்த எழுத்து ‘ஜ’வுக்கு நெருங்கிய ஒலியாகத்தான் இருந்தது, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தொண்டைக்குள் போய்விட்டது. பழைய ஒலியைப் போட்டுப் பாருங்கள், நாரஞ்சும் நரஞ்ஜாவும் அச்சு அசலாகப் பொருந்தும். ஆகவே மூன்றாவது பத்தியை நிரப்பாமல் நான்காவது படிக்குப் போகாதீர்கள்.

படி 4: ஒவ்வொரு கண்ணியையும் இன்னொரு சொல்லால் சோதியுங்கள்

ஒரு மாற்றம் ஒரே ஒரு சொல்லில் மட்டும் நடந்தது என்றால் நம்பாதீர்கள். அதே மொழிகளுக்கு இடையே வேறு சொல்லிலும் அது நடந்திருக்க வேண்டும். சங்கிலியைக் கிழக்கிலிருந்து எழுதினால்: சமஸ்கிருத நாரங்க, பாரசீக நாரங், அரபி நாரஞ்ச், பிறகு ஐரோப்பா.

பாரசீக ‘க’ (தங்கம் என்பதில் வரும் மென்மையான க) அரபியில் ‘ஜ’ ஆனது எப்படி? செவ்வியல் அரபியில் அந்த ஒலி இல்லை. அண்டையில் இருக்கும் ‘ஜ’வை எடுத்துக்கொண்டார்கள். சோதனைச் சொல் கத்தரிக்காய். பாரசீக பாதங்கான், அரபியில் பாதிஞ்சான். அது ஸ்பெயினுக்குப் போய் பெரெங்ஹேனா. கண்ணி தேறிவிட்டது. (அதன் கிழக்கு நுனியை நம் வழுதுணங்காயோடு இணைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அதைத் தனித் தாளில் பாருங்கள், இங்கே கலக்க வேண்டாம்.)

அடுத்து போர்ச்சுகீசிய ‘ல’. நாரஞ்ச் லராஞ்ஜா ஆனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். ஒரே சொல்லில் இரண்டு ‘ன’கரச் சாயல் வரும்போது நாக்கு ஒன்றை வேறாக்கிவிடும்.

எல்லோரையும் வழுக்க வைப்பது முன்னால் இருந்த ‘ந’ காணாமல் போன கதை. இத்தாலியில் ‘ஒரு ஆரஞ்சு’ என்பது ‘உன நரஞ்ச்சா’. காதில் விழும்போது ‘உனநரஞ்ச்சா’. ந முன்சொல்லைச் சேர்ந்ததா பின்சொல்லைச் சேர்ந்ததா? கேட்டவர்கள் முன்னால் சேர்த்துவிட்டார்கள், மிஞ்சியது அராஞ்ச்சா. சேர்ந்து ஒலிப்பதைத் தப்பாகப் பிரிப்பது, அவ்வளவுதான்.

இதை வைத்து ஆங்கிலத்தில் ‘எ நாரஞ்சு’ என்பது ‘அன் ஆரஞ்சு’ ஆனது என்று நூறு இடத்தில் எழுதியிருப்பார்கள். தவறு. ந உதிர்ந்தது ஆங்கிலத்தில் அல்ல, அதற்கு முன்பே. சான்று வேண்டுமா? 1290இல் போர்ட்ஸ்மத்துக்கு வந்த ஒரு ஸ்பானியக் கப்பலில் முதலாம் எட்வர்டின் அரசி எலினோருக்காகப் பழம் வாங்கிய கணக்கு இருக்கிறது. அதில் ஏழு ஆரஞ்சு ‘போமா தெ ஒரெஞ்ஜ்’ என்று பதிவாகியிருக்கிறது. பழம் இங்கிலாந்தில் கரையேறும்போதே பெயரில் ந இல்லை. பிரெஞ்சிலிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் உண்மையாகவே இப்படிப் பிரிந்த சொற்கள் வேறு உண்டு. ஏப்ரன் முன்பு ‘நாப்ரன்’, அதன் உறவான நாப்கின் இன்னும் ந-வோடு இருக்கிறது. ஆடர் என்ற பாம்பு முன்பு ‘நாடர்’, ஜெர்மனில் இன்றும் நாட்டர். எதிர்த்திசையில் ‘அன் ஈக்நேம்’ என்பது நிக்நேம் ஆகி ஒரு ந-வைச் சம்பாதித்தது.

இந்த மாற்றம் விதியும் அல்ல. ஸ்பானியத்திலும் ‘உன நராங்ஹா’ என்றுதான் சொல்கிறார்கள், அங்கே ந உதிரவில்லை. இத்தாலிக்குள்ளேயே வெனிஸ் பேச்சில் நரான்சா என்று ந பத்திரமாக இருக்கிறது. எனவே தாளில் ‘நடக்கக்கூடியது, நடந்தது’ என்று எழுதுங்கள், ‘நடந்தே தீர வேண்டியது’ என்று எழுதாதீர்கள்.

படி 5: போலிகளைக் கழியுங்கள்

முதல் போலி பிரான்சின் தெற்கே இருக்கும் ஒராஞ்ஜ் ஊர். இதற்கும் பழத்துக்கும் பிறப்பில் சம்பந்தமே இல்லை. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அராவ்சியோ. கிமு 105இல் ரோமப் படை படுதோல்வி கண்ட இடம். அப்போது ஐரோப்பாவில் ஆரஞ்சு மரமே கிடையாது. அராவ்சியோ தேய்ந்து தேய்ந்து பழத்தின் பெயர் போலவே ஆகிவிட்டது. 1544இல் அந்தச் சிற்றரசு நசாவ் வம்சத்து வில்லியமுக்கு வாரிசு வழியில் போனது. அவர் வழிவந்தவர்கள்தான் டச்சு அரச குடும்பம். பெயர் ஒத்துப்போனதால் நிறமும் அவர்கள் அடையாளமானது. டச்சுக் கால்பந்து ரசிகர்கள் ஆரஞ்சு உடுத்துவது இந்தத் தற்செயலால்தான். டச்சில் நிறத்துக்கு ஒரான்யெ, பழத்துக்கு சினாஸ்ஆப்பல் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போலி என்று தூக்கி எறிந்துவிடவும் கூடாது. அரபி வடிவத்தின்படி பிரெஞ்சில் முதல் எழுத்து ‘அ’வாக இருக்க வேண்டும், ‘ஒ’வாக அல்ல. பொன் என்று பொருள்படும் பிரெஞ்சு ‘ஒர்’ அல்லது இந்த ஊர்ப் பெயர் அதை இழுத்திருக்கலாம் என்பது அகராதிகள் தரும் விளக்கம். சொல்லைப் பெறாத ஒன்று அதன் வடிவத்தை வளைக்கலாம். ‘வேர்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘தாக்கம்’ என்று இன்னொரு பத்தி போட்டுக்கொள்வது இதற்குத்தான்.

தனியே வைத்த காட்டலான் தரோஞ்ஜாவை இப்போது எடுங்கள். நராங்ஹாவின் திரிபு போலத் தெரியும். இல்லை, இது பாரசீக துரஞ்ச் என்ற வேறு சொல், அங்கே அது கடாரங்காய் வகை. துருக்கியில் அதே சொல் துருஞ்ச், பொருள் கசப்பு ஆரஞ்சு. காட்டலானில் இனிப்பு ஆரஞ்சு. ஸ்பானியத்தில் தொரோங்ஹா, பொருள் கிரேப்ஃப்ரூட். கிரேப்ஃப்ரூட் 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் கலப்பினமாகப் பிறந்த பழம். சொல் அதைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. ஒரே சொல், நான்கு ஊரில் நான்கு பழம். பொருள் பத்தியை ‘ஆரஞ்சு’ என்று ஒரே வார்த்தையில் நிரப்பியவர்கள் இங்கே திரும்பிப் போய்த் திருத்த வேண்டியிருக்கும்.

படி 6: பொருளைத் தனியே பின்தொடருங்கள்

புதுப் பழம் வந்தபோது மொழிகள் இரண்டில் ஒன்றைச் செய்தன. சில பழைய பெயரையே புதியதற்கும் நீட்டின: ஸ்பானியம், இத்தாலியன், ஆங்கிலம். அங்கே கசப்புப் பழத்துக்குத்தான் இப்போது அடைமொழி வேண்டியிருக்கிறது. மற்றவை பழைய பெயரைக் கசப்புக்கு விட்டுவிட்டுப் புதியதற்குப் புதுப்பெயர் வைத்தன. கிரேக்கத்தில் நெராந்த்சி கசப்பு, பொர்த்தொகாலி இனிப்பு. ஜெர்மனில் பொமெரான்ட்செ கசப்பு, அப்ஃபெல்சீனெ இனிப்பு. அரபியில் நாரஞ்ச், புர்துகால். ஒரு மொழியில் இரண்டு பெயரும் இருந்தால் அது உங்களுக்கு அதிர்ஷ்டம், இரண்டு அலையும் ஒரே இடத்தில் படிந்திருக்கிறது.

நிறத்தையும் விடாதீர்கள். துருக்கியில் பழம் போர்த்தகால், நிறமோ துருஞ்சு. கசப்புப் பழம் சந்தையில் பின்னுக்குப் போனாலும் நிறத்தில் தங்கிவிட்டது. ரஷ்யனில் பழம் டச்சு வழி வந்தது, நிறம் பிரெஞ்சு வழி: அரான்ஷெவி. ஆங்கிலத்தில் நிறப்பெயராக ஆரஞ்சு வருவது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் ‘மஞ்சள்சிவப்பு’ என்று கூட்டுச்சொல் இருந்தது, நம் செம்மஞ்சளைத் திருப்பிப் போட்ட மாதிரி. ராபின் குருவியின் மார்பு அப்பட்டமான ஆரஞ்சு, ஆனால் ஆங்கிலத்தில் அது ‘செம்மார்பு’. பெயர் வைத்த காலத்தில் அந்த நிறத்துக்குத் தனிச்சொல் இல்லை. செவ்விளநீரின் நிறத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள், நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்.

படி 7: நம் பக்கத்து நுனி

இங்கே வேகத்தைக் குறையுங்கள். சமஸ்கிருத நாரங்க என்பது திராவிடத்திலிருந்து சென்றது என்பதே பெரும்பாலான அகராதிகளின் சாய்வு. அதற்கு ஆதாரத்தை நீங்களே சோதிக்கலாம். மலையாளத்தில் நாரங்ங. தமிழில் ‘ங்காய்’ என்று முடிவது மலையாளத்தில் ‘ங்ங’ என்று முடியும்: தேங்காய் தேங்ங, மாங்காய் மாங்ங. (போர்ச்சுகீசியர் கேரளத்தில் கேட்டு எழுதிய இந்தக் கடைசிச் சொல்தான் ஐரோப்பாவின் மாங்கோ.) ஆக நாரங்ங என்பது நார + காய். பின்பாதி தெளிவாகத் திராவிடம் என்பதால் சொல் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு கூடுகிறது.

முன்பாதி அவ்வளவு உறுதியல்ல. மணத்தைக் குறித்த பழைய ‘நாறு’ என்று இணைப்பவர்கள் உண்டு. பொருள் பொருந்துகிறது, ஆனால் வல்லின றகரம் இடையின ரகரமானதை வேறு சொற்களில் காட்டியாக வேண்டும். சங்க இலக்கியத்தில் வரும் நரந்தத்தை உடனே பிடித்து இழுப்பவர்களும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் அது பூக்களின் வரிசையில் வருகிறது. புறநானூறு 132இல் ‘நரந்தை நறும்புல்’, கவரி மேயும் மணமுள்ள புல். மேய்கிற புல்லை ஆரஞ்சு மரமாக்க முடியாது. அந்தச் சொல்லுக்குத் தனி வரிசை போடுங்கள்.

இன்னொன்று: சிட்ரஸ் இனத்தின் பிறப்பிடம் இமயமலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய பகுதி. தெற்கே ‘நாரங்காய்’ என்று முதலில் அழைத்தது இன்று நாம் உரிக்கும் ஆரஞ்சை அல்ல, வேறு ஏதோ ஒரு நாரத்தை வகையை என்று கொள்வதே பொருத்தம். ‘ஆரஞ்சு தமிழ்ப் பழம்’ என்ற முடிவுக்கு இந்தச் சொல்லிலிருந்து வழியே இல்லை. ‘பெயரின் வேர் திராவிடமாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்பதோடு நில்லுங்கள்.

தாளின் கடைசியில் தமிழுக்கு மூன்று வரிசை வேண்டும். நார்த்தங்காய்: உள்ளூர்ச் சொல், பொருள் ஊறுகாய் போடும் புளிப்பு வகை. ஆரஞ்சு: நேரடிக் கடன், ஆங்கிலத்திலிருந்து, இத்தாலியில் உதிர்ந்த ந திரும்பி வரவில்லை. தோடம்பழம்: இலங்கைத் தமிழர் ஆரஞ்சுக்குச் சொல்வது, சிங்களத்தில் தொடம்; இந்தச் சங்கிலியோடு சேராதது. முதல் வரிசையின் ‘எங்கிருந்து வந்தது’ கட்டத்தில் ‘நார-’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பதிவாக வெளியிடும்போது அழகுக்காக அதை அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள்.